விஆர்எஸ் வாங்கினால் மறுமாதமே பென்ஷன் வருமா?

கேள்வி: 2005-ல் தில்லி காவல்துறையில் சேர்ந்தேன். இப்போது ஏட்டு. மனைவிக்கு அதே துறையில் சீருடை இல்லாத அலுவலக வேலை. இருவரும் என்பிஎஸ்ஸிலிருந்து (தேசிய ஓய்வூதியத் திட்டம்) உத்தரவாதப் பென்ஷன் தரும் யூபிஎஸ்ஸுக்கு (ஒருங்கிணைந்த ஓய்வூதியத் திட்டம்) மாறிவிட்டோம். 2030-ல் 25 வருடம் முடிந்ததும் விஆர்எஸ் (விருப்ப ஓய்வு) எழுதிக் கொடுத்தால் மறுமாதமே பாதிச் சம்பளம் பென்ஷனாக வரும் என்கிறார் எங்கள் குடியிருப்புக்கு வந்துபோகும் முகவர் ஒருவர். அப்போது எனக்கு 49 வயது. நம்பி ஊருக்குக் கிளம்பலாமா?

பதில்: கிளம்பாதீர்கள். அவர் சொன்னதில் பாதி உண்மை, அந்தப் பாதிதான் ஆபத்து. 25 வருட சேவைக்குக் கடைசி 12 மாத அடிப்படைச் சம்பள சராசரியில் பாதி என்பது சரி. ஆனால் விருப்ப ஓய்வில் போனவருக்கு, வேலையில் இருந்திருந்தால் என்றைக்கு ஓய்வு பெறுவாரோ அன்றிலிருந்துதான் அந்தப் பணம் வரும். உங்களுக்கு அது 60 வயது. நடுவே 11 வருடம் மாதப் பென்ஷன் கிடையாது, அகவிலை நிவாரணமும் கிடையாது. கணக்கிடும் சம்பளமும் 2030-ல் வாங்கியதுதான். அதற்குப் பிறகு வந்திருக்கக்கூடிய இன்கிரிமென்டும் பதவி உயர்வும் அதில் சேராது.

விஆர்எஸ்ஸில் போகும்போது கையில் என்ன வரும்? பணிக்கொடை வரும். அதோடு முடித்த ஒவ்வொரு ஆறு மாதத்துக்கும் அடிப்படைச் சம்பளம், அகவிலைப்படி இரண்டின் கூட்டுத்தொகையில் பத்தில் ஒரு பங்கு. அந்தக் கூட்டுத்தொகை 70,000 ரூபாய் என்று வையுங்கள். 25 வருடத்துக்கு 50 அரையாண்டு, 7,000 வீதம் மூன்றரை லட்சம். முகவரின் கண் இந்த மொத்தப் பணத்தின் மேல்தான். என்னிடம் வந்த ஒருவரின் பையில் விஆர்எஸ் கடிதமும் நிலத் திட்டம் ஒன்றின் விண்ணப்பமும் ஒரே கையெழுத்தில் நிரப்பப்பட்டு இருந்தன. இரண்டிலும் அவர் ஒப்பமிட்டிருந்தார், இரண்டையும் படிக்கவில்லை. பென்ஷன் தாள்களை நிரப்ப யாருக்கும் கமிஷன் கொடுக்க வேண்டியதில்லை. அது உங்கள் அலுவலகத்தின் வேலை. உங்கள் பென்ஷன் கணக்கு எண்ணான பிரானின் கடவுச்சொல்லையும் ஓடிபியையும் யார் கேட்டாலும் தராதீர்கள்.

"போன வருடம் போன இன்னாருக்கு உடனே வந்ததே" என்று முகவர் உதாரணம் காட்டலாம். அது அநேகமாக அடிப்படை விதி 56(ஜெ) ஆக இருக்கும். அரசே, தண்டனையாக இல்லாமல், பொதுநலன் கருதி ஒருவரை முன்கூட்டி ஓய்வில் அனுப்புவது அது. அவருக்கு ஓய்வு நாளிலிருந்தே பணம் உண்டு. நீங்களாக எழுதிக் கொடுத்துவிட்டு அந்த விதியைக் கேட்க முடியாது. "56(ஜெ)யில் போட ஏற்பாடு செய்கிறேன்" என்று எவராவது பணம் கேட்டால் அது பச்சை மோசடி. அதை முடிவு செய்வது அரசின் மறுஆய்வு, உங்கள் விண்ணப்பம் அல்ல. ஓய்வு உத்தரவில் எந்த விதி எழுதியிருக்கிறது என்று பாருங்கள், போதும்.

விருப்ப ஓய்வில் போனவருக்கு எப்போது பணம் வரும் என்பது யூபிஎஸ் பற்றிய மத்திய அரசின் 24.1.2025 அறிவிக்கையிலேயே இருக்கிறது. யூபிஎஸ்ஸுக்கு விருப்பம் தெரிவிக்கும் கெடுவை 2025 ஜூன் 30 என்றார்கள், செப்டம்பர் 30 என்றார்கள், பிறகு நவம்பர் 30 என்றார்கள். அத்தனை மாதத்தில் காவலர்களை உட்கார வைத்து இந்த ஒரு வரியைப் படித்துக் காட்டியிருக்கக் கூடாதா? இதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது.

உங்களுக்கு இன்னும் ஒரு வழி இருக்கிறது. யூபிஎஸ்ஸிலிருந்து என்பிஎஸ்ஸுக்கு ஒரே ஒரு முறை திரும்பலாம். விருப்ப ஓய்வு என்றால் அதற்குக் குறைந்தது மூன்று மாதம் முன்பே எழுதிக் கொடுக்க வேண்டும். திரும்பினால் மறுபடி யூபிஎஸ் கிடையாது. என்பிஎஸ்ஸில் பென்ஷனுக்காக 60 வயதுவரை காத்திருக்க வேண்டாம், ஆனால் பாதிச் சம்பளம் என்ற உத்தரவாதம் போய்விடும். சேர்ந்த நிதியும், அதைக் கொண்டு வாங்கும் ஆண்டுத்தொகைத் திட்டம் (மாத வருமானம் தரும் காப்பீடு) அன்றைக்குத் தரும் விகிதமும் எவ்வளவோ அவ்வளவுதான்.

மனைவிக்கும் இதே விதிதான், இதில் சீருடை கணக்கில் வராது. அவர் 60 வயதுவரை வேலையில் தொடர்வதாக இருந்தால் அவரது விருப்பத்தை மாற்றவே வேண்டாம். நீங்கள் 2029 கடைசியில் உங்கள் நிதிக் கையிருப்பு அறிக்கையை எடுத்துக்கொண்டு சம்பளப் பிரிவுக்குப் போங்கள். 11 வருடத்துக்கு வீட்டுச் செலவுக்கு வழி தெரிந்த பிறகு விஆர்எஸ் கடிதம் எழுதலாம்.