டிப்ளமோவோடு வேலைக்குப் போவதா, பி.இ. சேர்வதா?

திண்டுக்கல் பக்கத்திலிருந்து ஒரு அம்மா கேட்டிருக்கிறார். மகன் மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்துவிட்டான், சென்னைப் பக்கம் ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையில் மாதம் 16,000 ரூபாய்க்குக் கூப்பிடுகிறார்கள். நேரடியாக இரண்டாம் ஆண்டு பி.இ. சேர்த்துவிடு, பட்டம் இருந்தால்தான் மரியாதை என்கிறார் தாய்மாமா. கல்லூரிக்கு வருடம் ஒரு லட்சம் ஆகும் போலிருக்கிறது. வீட்டில் இதுவரை யாரும் பட்டதாரி இல்லை. என்ன செய்யலாம்?

நல்ல கல்லூரி கிடைத்தால் சேருங்கள். கிடைக்காவிட்டால் வேலைக்கு அனுப்புங்கள், பி.இ.யைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதைக் கொஞ்சம் விளக்க வேண்டும்.

கூடுதலாகப் படித்தால் சம்பளம் கூடும் என்பது பொய்யில்லை. பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த பொருளாதார நிபுணர்கள், ஒவ்வொரு கூடுதல் வருடப் படிப்புக்கும் சராசரியாக 9 சதவீதம் வருமானம் உயர்கிறது என்று கணக்கிட்டிருக்கிறார்கள். ஆனால் சராசரி என்பது எல்லோருக்கும் கிடைப்பது இல்லையே. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 2024 இந்திய வேலைவாய்ப்பு அறிக்கையைப் பாருங்கள். 2022 நிலவரப்படி வேலை தேடும் இளைஞர்களில் பட்டதாரிகளுக்கு வேலையின்மை 29.1 சதவீதம், எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு வெறும் 3.4. இதைப் படித்துவிட்டுப் படிப்பே வீண் என்று நினைத்துவிடாதீர்கள். படிக்காதவர் காத்திருக்க முடியாது, கிடைத்த கூலிக்குப் போய்விடுவார், கணக்கில் அவருக்கு வேலை இருக்கிறது. பட்டதாரி படிப்புக்கேற்ற வேலைக்காக வீட்டில் காத்திருக்கிறார். அந்தக் காத்திருப்புக்கும் ஒரு செலவு உண்டு, அதைத்தான் நம் வீடுகளில் யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

இன்னொன்று, தமிழ்நாட்டில் 2021-22இல் உயர்கல்விச் சேர்க்கை விகிதம் (கல்லூரி வயதுள்ள நூறு பேருக்கு எத்தனை பேர் சேர்ந்திருக்கிறார்கள் என்ற கணக்கு) 47, நாட்டின் சராசரி 28.4. நமக்குப் பெருமைதான், ஆனால் பக்கத்து வீட்டுப் பிள்ளையும் பட்டதாரியாக இருக்கும்போது பட்டம் மட்டும் காட்டி வேலை வாங்க முடியாது. எந்தக் கல்லூரி, கையில் என்ன வேலை தெரியும் என்றுதான் கேட்பார்கள்.

சரி, உங்கள் வீட்டுக் கணக்குக்கு வருவோம். மூன்று வருடக் கல்லூரிச் செலவு 3 லட்சம். அந்த மூன்று வருடமும் வேலைக்குப் போயிருந்தால் 16,000 வீதம் 5.76 லட்சம் வந்திருக்கும், அதுவும் செலவுதான். ஆக மொத்தம் 8.76 லட்சம். (சாப்பாடு, வாடகையை இரண்டு பக்கமும் விட்டுவிட்டேன்.) பி.இ. முடித்தபின் மாதச் சம்பளம் டிப்ளமோக்காரனைவிட 5,000 தான் அதிகம் என்றால் இதைத் திரும்ப எடுக்கக் கிட்டத்தட்ட 15 வருடம் ஆகும். வித்தியாசம் 15,000 என்றால் ஐந்து வருடத்துக்குள் எடுத்துவிடலாம். அந்த வித்தியாசத்தைத் தீர்மானிப்பது பெரும்பாலும் கல்லூரிதான். கல்லூரிக்கு நேரில் போய், போன வருடம் மெக்கானிக்கல் முடித்த எத்தனை பேர் எந்தக் கம்பெனியில் என்ன சம்பளத்தில் சேர்ந்தார்கள் என்று அங்கே படித்த பையன்களிடமே கேளுங்கள். வாசலில் வைத்திருக்கும் பேனரை நம்ப வேண்டாம்.

பட்டம் இல்லாவிட்டால் எங்கே தடை வரும் என்றால், தொழிற்சாலைகளில்தான். டிப்ளமோ படித்தவரை டி.இ.டி. (டிப்ளமோ இன்ஜினியர் டிரெய்னி) என்றும் பி.இ. படித்தவரை ஜி.இ.டி. (கிராஜுவேட் இன்ஜினியர் டிரெய்னி) என்றும் தனித்தனி வரிசையில் எடுப்பது வழக்கம். ஆரம்பத்தில் பெரிய இடைவெளி தெரியாது, பத்து வருடம் கழித்து மேலாளர் பதவிக்கு வரும்போதுதான் பட்டம் கேட்பார்கள். அரசு வேலையில் கதை வேறு. ரயில்வேயிலும் மத்திய அரசுத் துறைகளிலும் ஜூனியர் இன்ஜினியர் ஆக டிப்ளமோ போதும் (சில பணிகளுக்கு அனுபவமும் கேட்பார்கள்). ஏழாவது ஊதியக்குழுப்படி அடிப்படைச் சம்பளம் 35,400. அதே பதவிக்கு பி.இ. முடித்தவர் தேர்வானாலும் அதே 35,400 தான். தேர்வில் நாட்டம் இருக்கிற பையன் என்றால் வேலையில் இருந்துகொண்டே இதற்குப் படிக்கட்டும்.

வேலைக்கு அனுப்புவதானால் ஒன்றை முதலில் தெளிவாகக் கேட்டுவிடுங்கள்: ஆன்-ரோலா (கம்பெனியின் நேரடி ஊழியர்), கான்ட்ராக்டா (ஒப்பந்தக்காரர் மூலம்), அப்ரெண்டிஸா (தொழில் பழகுநர்)? அப்ரெண்டிஸ் சட்டப்படி எடுத்தால் அது உதவித்தொகை, பி.எஃப். பிடிக்க மாட்டார்கள், காலம் முடிந்ததும் வேலை தரவேண்டிய கட்டாயமும் கிடையாது. கற்றுக்கொள்ள அது நல்ல வழிதான், ஆனால் நிரந்தர வேலை என்று நினைத்துப் போனால் அடுத்த வருடம் பெட்டியோடு ஊர் திரும்ப வேண்டியிருக்கும், அப்படித் திரும்பிய பையன்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன், அந்த முகங்களைப் பார்க்கவே மனசுக்குக் கஷ்டமாக இருக்கும்.

அப்புறம், இப்போது விட்டால் பட்டம் போய்விடும் என்று பயப்படாதீர்கள். டிப்ளமோ முடித்து இரண்டு வருடம் கழித்தும் நேரடி இரண்டாம் ஆண்டில் சேரலாம். வேலை பார்க்கிறவர்களுக்கென்றே கோவை போன்ற ஊர்களில் மாலை நேர பகுதிநேர பி.இ. இருக்கிறது, சம்பளத்தை விடாமல் படிக்கலாம் என்பதால் உங்கள் மாதிரிக் குடும்பத்துக்கு எனக்குப் பிடித்த வழி இதுதான்.

எதற்கும் இந்த வருடக் கலந்தாய்வுக்கு விண்ணப்பித்து வையுங்கள், எந்தக் கல்லூரி கிடைக்கிறது என்று தெரிந்தால் முடிவு சுலபம். முதல் பட்டதாரிச் சான்றிதழுக்கும் விண்ணப்பித்துவிடுங்கள், கலந்தாய்வு வழியாகச் சேர்ந்தால்தான் அந்தக் கட்டணச் சலுகை, நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தால் கிடையாது. வேலையில் சேரும்போது ஒரிஜினல் சான்றிதழ்களைக் கம்பெனியில் கொடுத்துவிட வேண்டாம். பார்த்துவிட்டுத் திருப்பித் தரட்டும், நகல் போதும். ஒரிஜினல் கையில் இல்லாமல் கல்லூரி அட்மிஷனுக்குப் போய் நிற்க முடியாது.