ஆறரை வயதுக்குப் பிறகு

அன்புள்ள ஐயா,

பிள்ளை பெறுவோருக்குச் சிங்கப்பூர் அரசு ரொக்கம் தரும் குழந்தை போனஸ் திட்டத்தைச் சென்ற கட்டுரையில் சற்று ஏளனமாக எழுதியிருந்தீர்கள். முதல் குழந்தைக்கே 11,000 வெள்ளி ரொக்கம் தருகிற நாடுகள் எத்தனை? எனக்கு 66 வயது. ஓய்வு வயதைத் தாண்டியும் மறுவேலை நியமனத்தில் இன்னும் பணியில் இருக்கிறேன். என் மகள்கள் இருவருமே நன்றாகச் சம்பாதிக்கிறார்கள். மூத்தவள் ஒன்றோடு நிறுத்திக்கொண்டாள், இளையவள் பிள்ளையே வேண்டாம் என்கிறாள். இந்தத் தலைமுறைக்குத் தன் சுகம்தான் பெரிது. அரசாங்கம் இன்னும் என்னதான் செய்யும்?

ம.க., ஈசூன்

அன்புள்ள ம.க.,

ஏளனமாகத் தொனித்திருந்தால் அது என் பழக்கதோஷம். மகள்களைக் கடிந்துகொள்வதற்கு முன், நம் காலத்துக் கதையைச் சற்று நினைத்துப் பாருங்கள்.

1966இல் கண்டாங் கெர்பாவ் மருத்துவமனையில் மட்டும் 39,835 குழந்தைகள் பிறந்தன. அன்று அது உலக சாதனை. (அந்த மலாய்ப் பெயருக்கு எருமைத் தொழுவம் என்று பொருள். நம்மவர்கள் தேக்காவில் மாடு வளர்த்த நாட்களின் மிச்சம்.) அரண்டுபோன அரசு 1972இல் ‘இரண்டு போதும்’ என்று சுவரொட்டி ஒட்டியது. பிள்ளைகளின் எண்ணிக்கை ஏற ஏறப் பிரசவக் கட்டணமும் ஏறியது. சம்பளத்துடன் கூடிய மகப்பேற்று விடுப்பு இரண்டு பிள்ளைகளோடு நின்றது. கருத்தடை செய்துகொண்டவர்களின் பிள்ளைகளுக்குப் பள்ளிச் சேர்க்கையில் முன்னுரிமை கிடைத்தது. நான் அந்தக் காலத்தில் நான்காவதாகப் பிறந்தவன். ‘கட்டணம் கூடிய பிள்ளை’ என்று அம்மா விருந்தாளிகளிடம் அறிமுகப்படுத்துவார்.

1970களின் நடுவிலேயே கருவள விகிதம், அதாவது ஒரு பெண் சராசரியாகப் பெறும் பிள்ளைகளின் எண்ணிக்கை, மக்கள்தொகை குறையாமல் இருக்கத் தேவையான 2.1க்குக் கீழே இறங்கிவிட்டது. 1987இல் அரசு பேச்சை மாற்றியது: வசதியிருந்தால் மூன்றோ அதற்கு மேலோ பெறுங்கள் என்றது. 2001இல் போனஸும் வந்தது. ஆனால் 2023இல் விகிதம் 0.97. சொன்னபடி கேட்டுப் பழகிய ஜனங்கள் இதை மட்டும் ஏன் கேட்கவில்லை? முதல் முறையும் சுவரொட்டிக்காக மட்டும் கேட்கவில்லை என்பதே என் எண்ணம். பெண்கள் படித்தார்கள், தொழிற்சாலைக்குப் போனார்கள், குடும்பங்கள் கம்பத்துக் குடிசையிலிருந்து வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டுக்கு மாறின. ஓட்டத்தோடு போன படகை அரசு கொஞ்சம் தள்ளிவிட்டது, அவ்வளவுதான். இப்போது அதே ஓட்டத்துக்கு எதிரே துடுப்புப் போடுகிறது.

போனஸ் ரொக்கம் தவணை தவணையாக வந்து, பிள்ளைக்கு ஆறரை வயதாகும்போது முடிந்துவிடும். தொடக்கநிலை ஒன்று தொடங்குவதும் கிட்டத்தட்ட அப்போதுதான். பெற்றோரின் கணக்கோ அதற்குப் பிறகுதான் ஆரம்பிக்கிறது. செங்காங்கில் இருக்கும் என் உறவுக்காரப் பெண்ணின் மகன் தொடக்கநிலை ஐந்தில் படிக்கிறான், அடுத்த ஆண்டு பி.எஸ்.எல்.இ. எனும் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு, வாரம் நான்கு துணைப்பாட வகுப்புகள். இன்னொன்று பெற்றுக்கொள்ளலாமே என்று வாய்தவறிக் கேட்டுவிட்டேன். “இன்னொரு பிள்ளை பெறலாம் மாமா. இன்னொரு பி.எஸ்.எல்.இ. எழுத என்னால் ஆகாது” என்றாள். தேர்வு எழுதப்போவது அவள் இல்லை என்பதைச் சொல்லும் துணிவு எனக்கு வரவில்லை.

ஒன்றை மனமாரப் பாராட்டுகிறேன். 2025 ஏப்ரல் முதல் தந்தையர் விடுப்பு 4 வாரம் என்பது கட்டாயமாகிவிட்டது. அது பணம் அல்ல, நேரம். நேரத்துக்குத்தான் பஞ்சம்.

இன்னொரு பக்கம், 2026 ஜூலை 1 முதல் ஓய்வு வயது 64, மறுவேலை நியமன வயது 69. மூப்படையும் ஊருக்கு இது தேவைதான், எனக்கு மறுப்பில்லை. ஆனால் நம் வீடுகளில் பேரப்பிள்ளைக்குச் சோறூட்டி, பள்ளி வாசலில் காத்துநின்றவர்கள் தாத்தா பாட்டிகள்தான். அவர்களும் காலை ஏழு மணி ரயிலில் வேலைக்குப் போனால் குழந்தையை யார் பார்ப்பது? பணிப்பெண் என்பீர்கள். உங்கள் இளைய மகளின் கணக்கில் நீங்கள் இன்னும் அலுவலகத்தில்தான் இருக்கிறீர்கள் என்பது எனக்கு நிச்சயம்.

அவளிடம் ஏன் வேண்டாம் என்று நேரில் கேட்டதுண்டா? உங்கள் கடிதத்தில் அவள் சொன்ன காரணம் ஒன்றுகூட இல்லை. கேட்டுவிட்டு மறுபடி எழுதுங்கள்.