வாசகர் கேள்வி–பதில்: படிக்கும் பிள்ளையோடு ஆசியப் பயணம்

வெளிநாட்டில் படிக்கும் மகனையோ மகளையோ பார்க்கப் போகிற கையோடு பக்கத்து நாடுகளையும் சுற்றிவிட்டு வர நினைக்கும் குடும்பங்களிடமிருந்து வந்த கேள்விகள் இவை. பதில்கள் இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்கானவை. விசா விதிகள் அடிக்கடி மாறுகின்றன. அதனால் பணம் கட்டும் நாளில் அந்தந்த நாட்டுக் குடிநுழைவுத் துறையின் இணையதளத்தை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

மகள் ஜப்பானில் முதுகலை படிக்கிறாள். ஆகஸ்டில் நானும் கணவரும் அங்கே போய், அவளையும் அழைத்துக்கொண்டு வியட்நாம் பார்த்துவிட்டு, மறுபடி ஜப்பான் வந்து ஊர் திரும்ப எண்ணியிருக்கிறோம். டிக்கெட் எடுத்துவிடலாமா?
– வாசகி, திருச்சி

இந்த வரிசையில் எடுக்காதீர்கள். ஜப்பானின் சுற்றுலா இ-விசா ஒரே ஒரு நுழைவுக்குத்தான் செல்லும். ஜப்பானில் இறங்கி, வியட்நாம் போனதும் உங்கள் இருவரின் விசாவும் முடிந்துவிடும். திரும்பி வரும்போது வியட்நாமிலேயே விமானத்தில் ஏற்ற மாட்டார்கள். மகளுக்கு இந்தச் சிக்கல் இல்லை, அவளிடம் வசிப்பு அட்டை இருக்கிறது. மூவரும் ஒன்றாகப் போனாலும் சட்டத்தின் கண்ணில் நீங்கள் சுற்றுலாப் பயணிகள், அவள் அங்கே குடியிருப்பவள். டிக்கெட் எடுக்கும்போது பல குடும்பங்கள் கோட்டை விடுவது இங்கேதான்.

வரிசையை மாற்றினால் வழி பிறக்கும். நீங்கள் இந்தியாவிலிருந்து நேராக ஹனோய்க்கோ ஹோ சி மின் நகருக்கோ போங்கள், மகள் ஜப்பானிலிருந்து அங்கே வரட்டும். அதன்பின் மூவருமாக ஜப்பான் போய், அங்கிருந்து நீங்கள் ஊர் திரும்பலாம். இப்படிச் செய்தால் இரண்டு நாட்டுக்கும் ஒற்றை நுழைவு விசாவே போதும்.

மகள் புறப்படும்போது விமான நிலையத்தில் வெளியேறும் அட்டை ஒன்றை நிரப்பித் தருவாள். 'தற்காலிகமாகப் போகிறேன், திரும்பி வருவேன்' என்ற கட்டத்தில் அவள் டிக் செய்தே ஆக வேண்டும். இதற்குச் 'சிறப்பு மறுநுழைவு அனுமதி' என்று பெயர், கட்டணம் கிடையாது. ஓராண்டுக்குள், அதற்கு முன்பே வசிப்பு அட்டை காலாவதியானால் அந்தத் தேதிக்குள், திரும்பிவிட வேண்டும். கட்டத்தைத் தவறவிட்டால் மாணவர் தகுதியே ரத்தாகிவிடும், வெளியூரிலிருந்து அதைச் சரிசெய்யவும் முடியாது. வசிப்பு அட்டையைப் பெட்டியில் வைக்காமல் கையில் வைத்திருக்கச் சொல்லுங்கள்.

உங்கள் ஜப்பான் இ-விசாவை நுழைவின்போது கைபேசியில் இணையத்தோடு இணைந்த நிலையில் திறந்து காட்ட வேண்டும். அச்சிட்ட தாளையும் திரையைப் படமெடுத்து வைத்த ஸ்கிரீன்ஷாட்டையும் ஏற்பதில்லை. ஆகவே இறங்கியதும் வேலை செய்யும் இணைய வசதியைப் புறப்படும் முன்பே ஏற்பாடு செய்யுங்கள். குடிநுழைவில் மகள் மறுநுழைவு வரிசைக்குப் போவாள், நீங்கள் வேறு வரிசையில் நிற்பீர்கள். தங்கும் முகவரி, மகளின் கைபேசி எண், ஊர் திரும்பும் டிக்கெட் மூன்றையும் ஆங்கிலத்தில் ஒரு தாளில் எழுதி நீங்களே வைத்திருங்கள்.

வியட்நாம் இ-விசா ஒற்றை நுழைவுக்கு 25 டாலர், பலமுறை நுழைவுக்கு 50 டாலர். எந்த விமான நிலையம் வழியாக நுழைகிறீர்கள் என்பதை விண்ணப்பத்திலேயே குறிக்க வேண்டும். ஓர் எழுத்து தவறினாலும் புது விண்ணப்பம்தான், கட்டிய பணம் திரும்பி வராது.

ரயில் பாஸ் பற்றியும் ஒரு வார்த்தை. ஜப்பான் ரயில் பாஸ் சுற்றுலாப் பயணிகளுக்கு மட்டுமே என்பதால் மகளுக்குக் கிடைக்காது. 2023 அக்டோபர் விலையேற்றத்தின்படி 7 நாள் சாதாரண பாஸ் 50,000 யென். தோக்கியோ–கியோத்தோ ஒருவழிக் கட்டணம் சுமார் 14,000 யென். ஆக, அந்த இரண்டு ஊருக்குள் போய் வருவதற்கு மட்டும் பாஸ் வாங்கினால் நஷ்டம். மகளுக்கு வேறொரு சலுகை உண்டு. 100 கிலோமீட்டருக்கு மேற்பட்ட பயணத்துக்குப் பல்கலைக்கழகம் தரும் மாணவர் சான்றைக் காட்டினால் அடிப்படைக் கட்டணத்தில் 20 சதவீதம் குறையும். புல்லட் ரயிலுக்கு அதோடு சேர்த்து வாங்கும் அதிவேகக் கட்டணத்துக்கு இந்தக் கழிவு இல்லை. உங்கள் பெட்டியின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டி 160 சென்டிமீட்டரைத் தாண்டினால், தோக்கியோ–கியோத்தோ புல்லட் ரயிலில் பெட்டி வைக்கும் இடத்தோடு கூடிய இருக்கையைப் பதிவுசெய்ய வேண்டும். பதிவில்லாமல் ஏற்றினால் 1,000 யென்.

மாதத்தைப் பற்றி எங்கள் கருத்து: ஆகஸ்ட் வேண்டாம். ஆகஸ்ட் நடுவில் முன்னோரை நினைவுகூரும் ஓபோன் விடுமுறை வருவதால் ரயிலும் விடுதியும் நிரம்பிவிடும், புழுக்கமும் புயலும் வேறு. பல்கலைக்கழகங்களுக்குப் பிப்ரவரி–மார்ச்சிலும் நீண்ட விடுமுறை உண்டு, ஹனோயும் அப்போது குளிர்ச்சியாக இருக்கும். வியட்நாமியப் புத்தாண்டான தெத் எந்தத் தேதியில் வருகிறது என்று மட்டும் பார்த்து அந்த வாரத்தைத் தவிர்த்துவிடுங்கள். பல கடைகள் மூடியிருக்கும்.

மகன் சிங்கப்பூரில் படிக்கிறான். அவனோடு, 74 வயது மாமியாரையும் கூட்டிக்கொண்டு சாலை வழியாக மலேசியா போய் வர ஆசை. பினாங்கு வரை போகலாமா?
– வாசகி, கோயம்புத்தூர்

தாராளமாகப் போகலாம். ஆனால் மகனின் சிங்கப்பூர் மாணவர் அனுமதிக்கு மலேசியாவில் எந்த மதிப்பும் இல்லை. அங்கே அவனும் உங்களைப் போல இந்தியப் பயணிதான். இந்தியர்களுக்கு மலேசியா அறிவித்துள்ள 30 நாள் விசா விலக்கு 2026 டிசம்பர் 31 வரை. மலேசிய மின்னணு வருகை அட்டையை மூவரும் தனித்தனியாக, போய்ச் சேரும் நாளுக்கு முந்தைய 3 நாளுக்குள் நிரப்ப வேண்டும். சிங்கப்பூர் திரும்பும்போது அதன் வருகை அட்டையைப் பெரியவர்கள் மீண்டும் நிரப்ப வேண்டும். தரைவழியாக வரும் மாணவர் அனுமதிக்காரருக்கு அது தேவையில்லை. இரண்டு அட்டையும் இலவசம். பணம் கேட்கும் தளம் கண்ணில் பட்டால் மூடிவிடுங்கள்.

உங்கள் சிங்கப்பூர் விசா பலமுறை நுழைவுக்கானதா என்று முதலில் பாருங்கள். விசாவின் காலாவதித் தேதியைத் தங்கும் காலம் என்று நினைக்க வேண்டாம். எத்தனை நாள் தங்கலாம் என்பது ஒவ்வொரு முறை நுழைந்த பிறகும் மின்னஞ்சலில் வரும் அனுமதியில்தான் இருக்கும்.

பேருந்தில் போனால் சிங்கப்பூர்ச் சோதனைச் சாவடியில் ஒருமுறை, மலேசிய எல்லையான ஜொகூரில் ஒருமுறை, மூட்டை முடிச்சோடு இறங்கி ஏற வேண்டும். உள்ளூர்ப் பேருந்து உங்களுக்காகக் காத்திருக்காது. டிக்கெட்டை வைத்துக்கொண்டு அதே நிறுவனத்தின் அடுத்த வண்டியில் ஏறலாம். 74 வயதுக்காரருக்கு இந்த நடையும் நிற்பதும் கடினம். சிங்கப்பூரின் உட்லண்ட்ஸிலிருந்து மலேசியாவின் ஜொகூர் பாருவுக்குப் போகும் ஷட்டில் ரயிலை நாங்கள் பரிந்துரைக்கிறோம். பயணம் சுமார் 5 நிமிடம்தான். ஆனால் டிக்கெட் சீக்கிரம் தீர்ந்துவிடும் என்பதால் மலேசிய ரயில்வே செயலியில் முன்கூட்டியே வாங்குங்கள். எதில் போனாலும் வெள்ளி மாலை, சனி காலை, ஞாயிறு மாலை, பள்ளி விடுமுறை நாட்கள் வேண்டாம்.

பினாங்குக்குக் கோலாலம்பூரிலிருந்து மின்ரயிலில் பட்டர்வொர்த் சுமார் 4 மணி நேரம். நிலையத்தை ஒட்டியே படகுத்துறை இருக்கிறது, கால் மணி நேரத்தில் பினாங்கின் தலைநகர் ஜார்ஜ் டவுன். அப்படியே தாய்லாந்துக்கும் போக நினைத்தால் எல்லையிலுள்ள படாங் பெசார் நிலையத்தில் இரு நாட்டுக் குடிநுழைவும் ஒரே கட்டடத்தில் இருக்கிறது. தாய்லாந்து நேரம் மலேசிய நேரத்துக்கு ஒரு மணி பின்னே, இணைப்பு ரயிலைக் கணக்கிடும்போது நினைவிருக்கட்டும். அந்த நாட்டின் மின்னணு அட்டையையும் 3 நாளுக்குள் நிரப்ப வேண்டும்.

மகனுக்குப் படிப்பு முடியும் தறுவாயாக இருந்தால் கூடுதல் கவனம் தேவை. படிப்பு முடிந்த 7 நாளுக்குள் மாணவர் அனுமதியை ரத்துசெய்ய ஒப்படைக்க வேண்டும் என்பது விதி. அதன்பின் மலேசியா போனால், பட்டமளிப்பு விழாவுக்குத் திரும்பி வர அவனுக்கும் விசா வேண்டும். சுற்றுலாவைக் கடைசித் தேர்வுக்கு முன் வரும் விடுமுறையில் வைத்துக்கொள்வதே பத்திரம்.

என் கடவுச்சீட்டில் பெயர் மட்டும் ஒரே சொல்லாக இருக்கிறது, குடும்பப் பெயர் இடம் காலி. வெளிநாட்டில் படிக்கும்போது இதனால் சிக்கல் வருமா?
– மாணவர், நாகர்கோவில்

தமிழ்நாட்டுக் கடவுச்சீட்டுகளில் இது சகஜம், தொல்லையும் தரும். ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பர் முதல், பெயர் ஒரே சொல்லாக உள்ள கடவுச்சீட்டில் சுற்றுலா விசாவில் வருபவர்களை ஏற்பதில்லை. கடவுச்சீட்டின் கடைசிப் பக்கத்தில் தந்தை பெயர் இருந்தால் ஏற்கலாம் என்ற விளக்கம் பின்னர் வந்தது. துபாய் வழியாகப் போகும்போது வெளியே வராமல் விமானம் மாறுவதற்கு இது தடையல்ல. குடும்பத்தோடு இரண்டு நாள் ஊர் பார்க்க இறங்கலாம் என்று நினைக்கும்போதுதான் இடிக்கும்.

விமான டிக்கெட்டில் குடும்பப் பெயர்க் கட்டத்தைக் காலியாக விட முடியாது. சில நிறுவனங்கள் அதே பெயரை இரண்டு முறை எழுதச் சொல்லும், சில முதல் பெயர் இல்லை என்பதற்கான 'எஃப்.என்.யூ' குறியீட்டைப் போடச் சொல்லும். நிறுவனத்திடம் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். விசாவில் எப்படி அச்சாகியிருக்கிறதோ அதற்குப் பொருந்துகிறதா என்றும் பாருங்கள். பெற்றோர் டிக்கெட்டை முகவரும் உங்கள் டிக்கெட்டை நீங்களுமாக எடுத்தால் ஒரே குடும்பத்தின் பெயர்கள் வெவ்வேறு முறையில் பதிவாகிவிடும்.

பெயரைப் பிரித்து எழுதிய புதிய கடவுச்சீட்டு வாங்குவதாக இருந்தால் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கும் முன்பே வாங்கிவிடுங்கள். பிறகு மாற்றினால் விசா, வசிப்பு அட்டை, வங்கிக் கணக்கு எல்லாவற்றையும் மாற்ற வேண்டியிருக்கும். ஜப்பானில் 14 நாளுக்குள் குடிநுழைவுத் துறைக்கு அறிவிக்கவும் வேண்டும்.

மகனுக்கு இட்லிப்பொடி, குழம்புப்பொடி, எங்களுக்கு மாத்திரை. சிங்கப்பூருக்கும் ஜப்பானுக்கும் என்னென்ன கொண்டுபோகலாம்?
– வாசகர், மதுரை

கசகசாவை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். சிங்கப்பூரில் அது தடைப் பட்டியலில் இருக்கிறது. குருமாப் பொடியில் அரைத்துச் சேர்த்திருந்தாலும் அது கசகசாதான். வறுத்து அரைத்த மற்ற பொடிகளைக் கடையில் சீல் செய்த, உள்ளடக்கம் ஆங்கிலத்தில் அச்சிட்ட பொட்டலமாகக் கொண்டுபோவது நல்லது. ஜப்பானுக்கு ஆட்டுக்கறி, கோழிக்கறி ஊறுகாய் கூடவே கூடாது. மாம்பழத்துக்கும் அனுமதியில்லை.

ஜப்பானுக்கு மருத்துவர் எழுதிய மாத்திரை ஒரு மாதத்துக்கும், கடையில் நேரே வாங்குபவை இரண்டு மாதத்துக்கும் முன் அனுமதியின்றிக் கொண்டுபோகலாம். சூடோஎபெட்ரின் 10 சதவீதத்துக்கு மேல் உள்ள சளி மாத்திரைக்குத் தடை, கோடீன் 1 சதவீதத்துக்கு மேல் உள்ள மருந்துக்கு முன் அனுமதி வேண்டும். சிங்கப்பூருக்கு மூன்று மாத அளவு வரை செல்லும். ஆனால் டயஸெபம், அல்பிரஸோலம் போன்ற தூக்க, பதற்ற மாத்திரைகளுக்கு அங்குள்ள சுகாதார அறிவியல் ஆணையத்தின் முன் அனுமதி வேண்டும், இரண்டு வாரத்துக்கு முன்பே விண்ணப்பியுங்கள். மருந்துச் சீட்டில் வணிகப் பெயரோடு மூலப்பெயரும் இருக்கட்டும். மாத்திரைகளை டப்பாவில் கொட்டாமல் அட்டையோடு எடுத்துப்போங்கள்.

நான் சீனாவில் மருத்துவம் படிக்கிறேன். பெற்றோர் வந்தால் ஹாங்காங் போய் வரலாமா?
– மாணவி, சேலம்

நீண்டகாலப் படிப்புக்கான எக்ஸ்1 விசாவில் வந்து, 30 நாளுக்குள் விண்ணப்பித்து வசிப்பு அனுமதியும் வாங்கியிருந்தால் போய் வரலாம். அந்த அனுமதி கைக்கு வரும்வரை கடவுச்சீட்டு அலுவலகத்தில் இருக்கும் என்பதால் அந்த வாரங்களில் எல்லை தாண்டும் திட்டம் வேண்டாம். குறுகியகாலப் படிப்புக்கான ஒற்றை நுழைவு எக்ஸ்2 விசாவாக இருந்தால் போகாதீர்கள். ஹாங்காங் போவதும் சீனாவை விட்டு வெளியேறுவதாகவே கணக்கு. பெற்றோர் உங்களைப் பார்க்க எஸ்2 விசா கேட்கலாம், இரு நுழைவு வேண்டும் என்று விண்ணப்பத்திலேயே எழுதட்டும். ஹாங்காங்குக்கு மூவரும் இணையத்தில் முன்பதிவு செய்து அந்தச் சீட்டை அச்சிட்டு எடுத்துப்போக வேண்டும். கட்டணமில்லை, 14 நாள் வரை தங்கலாம்.

சீன உள்நாட்டு விமானத்தில் ஏறுவதாக இருந்தால் பெற்றோரின் பவர் பேங்கையும் பாருங்கள். 2025 ஜூன் 28 முதல் சீனாவின் 3சி என்ற தரச்சான்று முத்திரை இல்லாத பவர் பேங்கை அங்கே உள்நாட்டு விமானங்களில் அனுமதிப்பதில்லை. இந்தியாவில் வாங்கியவற்றில் பெரும்பாலும் அது இருக்காது. அங்கேயே ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.