கிதார் வந்ததும் ஒதுங்கிய நண்பர்கள்

வெளிநாட்டில் முஸ்லிம், கிறிஸ்தவ மாணவர்கள் சேர்ந்து தொடங்கிய உங்கள் பாடற்குழுவில் கிதார் வந்ததும் இரண்டு முஸ்லிம் நண்பர்கள் விலகினார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து அதை வெறுப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நரம்புக் கருவிகள் கூடாது என்னும் இஸ்லாமிய அறிஞர்கள் உண்டு. அவர்களிலும் பலர் திருமணம், பெருநாளில் தஃப் என்னும் கைப்பறை அடிப்பதை ஏற்கிறார்கள். கவ்வாலி என்னும் பக்திப் பாடல்களைப் பாடும் சூஃபிகளோ (இஸ்லாமிய ஞானவழியினர்) ஆர்மோனியத்தையே வைத்துக்கொள்கிறார்கள். அதனால் பொதுவாக “இஸ்லாம் என்ன சொல்கிறது” என்று விசாரிக்காமல், அந்த இருவருக்கும் எது சங்கடம் என்று தனியாகக் கேளுங்கள்.

குரலும் தஃபும் மட்டும் போதுமே! கிழக்கு ஆர்த்தடாக்ஸ் திருச்சபைகளில் இன்றும் பெரும்பாலும் கருவியில்லாமல்தான் பாடுகிறார்கள். கிறிஸ்தவ நண்பர்களுக்கு இது இழப்பே அல்ல.

எனக்குப் பெரிய சிக்கலாகத் தெரிவது வரிகள்தான். இயேசுவை இறைமகன் என்னும் வரியை முஸ்லிம் நண்பர் பாடக்கூடாது என்று நினைப்பார். அந்த இடத்தில் அவர் கேட்டுக்கொண்டிருக்கட்டும், அதுவும் பங்கெடுப்பே. தாவீதை இரு மதத்தாரும் மதிக்கிறார்கள். அவரோடு சேர்த்துச் சொல்லப்படும் பைபிளின் சங்கீதங்களில் படைப்பைப் போற்றும் பகுதியிலிருந்து தொடங்கிப் பாருங்கள். அப்புறம், ஒத்திகையை வெள்ளி நண்பகலிலும் ஞாயிறு காலையிலும் வைக்காதீர்கள்.