பாத்ரூம் நகர்ந்தால் யார் யாருக்குச் சொல்ல வேண்டும்?

கேள்வி: கொழும்பு வெள்ளவத்தையில் 5 மாடித் தொடர்மாடி ஒன்று கட்டுகிறோம். உரிமையாளர் சார்பில் மேற்பார்வை செய்வது நான். 3ஆம் மாடியில் ஒரு பாத்ரூமை 12 அடி தள்ளி வைக்கச் சொன்னார்கள். ஆர்க்கிடெக்ட் வரைபடத்தைத் திருத்தி வட்ஸ்அப்பில் போட்டுவிட்டார். இப்போது கழிவுக்குழாய்க்குக் குறுக்கே பீம் நிற்கிறது. துளை போட்டுவிடலாம் என்கிறார் பிளம்பர். இனி இப்படி நடக்காமலிருக்க என்ன வழி?

பதில்: முதலில் பிளம்பரை நிறுத்துங்கள். இறுகிய பீமில் துளை போடலாமா, எங்கே, எவ்வளவு அகலத்தில் என்று சொல்ல வேண்டியவர் கட்டமைப்புப் பொறியியலாளர் மட்டுமே. பீமின் பலத்தில் பெரும்பங்கு உள்ளிருக்கும் கம்பியில் இருக்கிறது. அதை அறுத்துவிட்டு மேலே பூசி மறைக்கலாம், ஆனால் போன பலம் திரும்பாது.

சரி, குழாயைப் பீமுக்குக் கீழால் கொண்டுபோனால்? மாடி உயரம் 10 அடி, பீம் 18 அங்குலம் என்று வைத்துக்கொள்வோம். அதன் கீழே 4 அங்குலக் குழாய். 40க்கு 1 சாய்வில் (40 அடி நீளத்துக்கு 1 அடி இறக்கம்) 12 அடி ஓடினால் மேலும் மூன்றரை அங்குலம் இறங்கும். சீலிங் சட்டத்தையும் சேர்த்தால் கீழ்வீட்டுக்காரருக்கு மிஞ்சும் உயரம் ஏழே முக்கால் அடிதான். அந்த சீலிங்குக்குள் ஏசி குழாய் போவதாக இருந்தால் அதுவும் இடம் மாற வேண்டும். புதிய பாத்ரூமுக்கு நேர் கீழே மின்பலகை வருகிறதா என்றும் பாருங்கள். நீர்க்காப்பு பிசகினால் தண்ணீர் சொட்டப்போவது அங்கேதான். ஆர்க்கிடெக்ட் திருத்தியதில் பிழையில்லை. மற்றவர்கள் பார்க்கும் முன்னரே அந்த வரைபடம் தளத்துக்கு வந்ததுதான் பிழை.

ஆகவே, யார் மாற்றம் கேட்டாலும் அது உங்கள் கையால் மட்டும் போகட்டும். ஒரு கொப்பி போதும். மாற்றத்துக்கு ஓர் எண், கேட்டவர், காரணம், வரைபட எண் ஆகியவற்றை எழுதுங்கள். கட்டமைப்பு, பிளம்பிங், மின்சாரம், ஏசி, கியூ.எஸ் (அளவும் செலவும் கணக்கிடுபவர்) எல்லாருக்கும் ஒரே நாளில் அனுப்பி, "இதனால் உங்கள் வேலையில் என்ன மாறும்?" என்று கேளுங்கள். "ஒன்றும் மாறாது" என்ற பதிலையும் எழுத்தில் வாங்குங்கள். பதில் வராததைச் சம்மதமாக எடுக்கவே கூடாது. செலவும் நாட்களும் தெரிந்த பிறகே உரிமையாளர் கையெழுத்திட வேண்டும். பல உரிமையாளர்கள் கூடுதல் செலவைப் பார்த்ததுமே மாற்றத்தைக் கைவிட்டுவிடுவார்கள்.

அப்புறம் புதிய திருத்த எழுத்துடன் (A, B, C என்று ஒவ்வொரு திருத்தத்துக்கும் இடுவது), மாறிய இடத்தைச் சுற்றிக் கோடிட்ட வரைபடம் வரட்டும். அது வந்த அன்றே பழைய பிரதியைத் தளத்தில் வேலை செய்யும் பாஸ்மாரிடமிருந்து திரும்ப வாங்கிவிடுங்கள். இதை விட்டுவிட்டால் மேலே சொன்ன அத்தனை வேலையும் வீண். வட்ஸ்அப் படத்தை வைத்து ஒரு செங்கல்லும் வைக்கக் கூடாது.

குழாய்க்கான ஸ்லீவ் (குழாய் நுழைய விடும் உறை) எல்லாம் கொங்கிரீட் போடும் முன் வைக்க வேண்டியவை. அதனால் ஒவ்வொரு மாடிக்கும் கம்பி கட்டத் தொடங்கும் நாளையே மாற்றம் கேட்கக் கடைசி நாளாக அறிவித்துவிடுங்கள். அதற்குப் பிறகு பாதுகாப்புக் காரணம் இருந்தால் மட்டுமே மாற்றம்.

அங்கீகரித்த வரைபடத்திலிருந்து விலகும் மாற்றமா என்பதையும் ஆர்க்கிடெக்ட்டிடம் கேளுங்கள். வெளிச்சுவர், உயரம், படிக்கட்டு, வீடுகளின் எண்ணிக்கை போன்றவை மாறுவதானால், கட்டும் முன்னரே திருத்திய அனுமதி பெற வேண்டும். இல்லாவிட்டால் கட்டி முடித்த பிறகு இணக்கச் சான்றிதழ் வாங்கும்போது சிக்கும்.