குடும்ப ஜெபம் ஏன் நிலைப்பதில்லை?

கேள்வி: வீட்டில் குடும்ப ஜெபம் தொடங்கினால் ஒரு வாரம்கூடத் தாக்குப்பிடிப்பதில்லை. இரவு 9.30க்குப் பிள்ளைகள் தூங்கி வழிகிறார்கள். என்ன செய்யலாம்?

பதில்: நேரம்தான் முதல் கோளாறு. இரவுச் சாப்பாட்டுக்குத் தட்டு வைக்கும் முன்பே பாயை விரித்து உட்காருங்கள். 10 நிமிடம் போதும்.

பைபிளில் கண்ட இடத்தைத் திறந்து வாசிக்காதீர்கள். 119ஆம் சங்கீதத்தில் 176 வசனங்கள். எட்டெட்டாக 22 பகுதிகள். நாளுக்கு ஒன்றாக 22 நாள் ஓடும். அடுத்து மாற்கு சுவிசேஷம்; முதல் அதிகாரமே 45 வசனம், அதை இரண்டு மூன்று நாளாகப் பிரியுங்கள்.

பெரும்பாலும் கெடுப்பது நீண்ட ஜெபம். அப்பா ஊர் உலகத்துக்கெல்லாம் வேண்டி முடிப்பதற்குள் சின்னவன் குறட்டை விடுவான். ஆளுக்கு ஒரு நன்றி, ஒரு விண்ணப்பம். பிறகு எல்லோரும் சேர்ந்து, இயேசு கற்றுக்கொடுத்த பரமண்டல ஜெபம். ஒருநாள் தவறினால் மறுநாள் இரட்டிப்பாக வாசிக்க வேண்டாம், விட்ட இடத்திலிருந்து தொடருங்கள்.