விமானம் ரத்தா? காரணத்தை எழுத்தில் கேளுங்கள்

தூத்துக்குடியை அடுத்த வாகைகுளம் விமான நிலையத்தில் 2025 ஜூலையில் புதிய முனையம் திறக்கப்பட்டு, 1,350 மீட்டராக இருந்த ஓடுதளம் 3,115 மீட்டராக நீண்ட பிறகு, திருநெல்வேலிச் சீமையிலிருந்து இந்தக் கேள்வி-பதில் பகுதிக்கு வரும் கடிதங்களில் விமானப் பயணத்தைப் பற்றியவை கூடியிருக்கின்றன. விமானம் ரத்தானதால் அல்லல்பட்ட நான்கு வாசகர்களின் கடிதங்களை மட்டும் இந்த இதழுக்கு எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: ஐயா, வணக்கம். என் தந்தைக்கு வயது 71. சர்க்கரை நோயும் உண்டு. சென்னையில் மறுநாள் காலை ஒன்பது மணிக்கு இதய மருத்துவரைப் பார்க்க வேண்டியிருந்ததால், முந்தைய நாள் மாலை 4.50க்கு வாகைகுளத்திலிருந்து புறப்படும் விமானத்தில் இருவருக்கும் டிக்கெட் எடுத்திருந்தேன். மூன்றரை மணிக்கே போய்ச் சேர்ந்துவிட்டோம். முதலில் ஒரு மணி நேரத் தாமதம் என்றார்கள். பிறகு இன்னும் ஒரு மணி நேரம் என்றார்கள். ஏழே காலுக்கு ரத்து என்று அறிவித்தார்கள். கைப்பேசிக்கு வந்த குறுஞ்செய்தியில் 'செயல்பாட்டுக் காரணங்கள்' என்றிருந்தது. கவுண்டரில் நின்ற தம்பி தொழில்நுட்பக் கோளாறு என்றார். சேவை எண்ணில் பேசிய பெண் மோசமான வானிலை என்றார். வாகைகுளத்தில் அன்று ஒரு தூறல்கூட இல்லை. மூன்றில் எது உண்மை என்று கேட்டதற்கு, "அக்கா, சிஸ்டத்துல இப்படித்தான் காட்டுது" என்று மட்டும் பதில் வந்தது. வீட்டிலிருந்து பொடி தடவிக் கட்டிக்கொண்டு போயிருந்த நான்கு இட்லிதான் அப்பாவுக்கு அன்றைய இரவுச் சாப்பாடு. வண்ணார்பேட்டைக்குத் திரும்பி வந்து, கிடைத்த ஆம்னி பஸ்ஸில் அவரை உட்கார்ந்தபடியே சென்னைக்குக் கொண்டு சேர்த்தேன். ஒரு டிக்கெட் 4,600 ரூபாய். அந்தப் பணம் வங்கிக்கு வரவில்லை. 'கிரெடிட் ஷெல்'லில் வைத்திருப்பதாகவும் ஓராண்டுக்குள் வேறு பயணத்துக்குப் பயன்படுத்திக்கொள்ளலாம் என்றும் மின்னஞ்சல் வந்திருக்கிறது. எனக்கு என்ன உரிமை இருக்கிறது?
— வாசகி, பாளையங்கோட்டை

பதில்: அம்மா, 71 வயதுக்காரரை, அதுவும் இதய மருத்துவரிடம் போகவேண்டியவரை, இரவு முழுவதும் அறுநூறு கிலோமீட்டருக்கு மேல் உட்காரவைத்து அழைத்துச் சென்றிருக்கிறீர்கள். அவர் நலமாக இருக்கிறார் என்று நம்புகிறேன்.

உங்களுக்கு வர வேண்டியவற்றில் சில, விமானம் ஏன் ரத்தானது என்ற கேள்விக்கே இடமில்லாமல் வர வேண்டியவை. ஒன்று மட்டும் காரணத்தைப் பொறுத்தது. இவற்றைப் பிரித்துப் பார்க்காததால்தான் கவுண்டரில் நம்மவர்கள் பலர் காரணத்தைப் பற்றி வாதாடிக் களைத்து, பணத்தைக் கேட்காமலேயே வீடு திரும்புகிறார்கள்.

முதலில் டிக்கெட் பணம். ரத்துக்குக் காரணம் புயலானாலும் பழுதானாலும் ஆளில்லாமையானாலும், மாற்று விமானமா முழுப் பணமா என்பதைத் தேர்ந்தெடுக்கும் உரிமை பயணிக்கே உரியது. பணத்தைக் கிரெடிட் ஷெல்லில் வைப்பதும் பயணியின் விருப்பம்தான் என்று விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் விதி தெளிவாகச் சொல்கிறது. உங்களைக் கேட்காமல் அதில் போட்டது தவறு. கிரெடிட் கார்டில் கட்டிய பணத்தை ஏழு நாட்களுக்குள் திருப்ப வேண்டும். 'கிரெடிட் ஷெல்லை நான் ஏற்கவில்லை, பணம் எந்த வழியில் செலுத்தப்பட்டதோ அந்த வழியிலேயே திரும்ப வேண்டும்' என்று இன்றே மின்னஞ்சல் அனுப்புங்கள். அதற்கு முன் அந்த ஷெல்லிலிருந்து ஒரு ரூபாயைக்கூடச் செலவழித்துவிடாதீர்கள்; செலவழித்தால் நீங்கள் ஏற்றுக்கொண்டதாகச் சொல்லிவிடுவார்கள்.

அடுத்தது சாப்பாடு. இரண்டரை மணி நேரத்துக்குட்பட்ட பயணத்தில் இரண்டு மணி நேரமோ அதற்கு மேலோ தாமதம் என்று தெரிந்தால், நிலையத்தில் காத்திருப்பவர்களுக்கு உணவும் சிற்றுண்டியும் தரவேண்டியது நிறுவனத்தின் கடமை. 4.50 விமானத்துக்காக ஏழே கால் வரை காத்திருந்த உங்கள் தந்தைக்கு அது கிடைத்திருக்க வேண்டும். சர்க்கரை நோயாளி ஒருவர் வேளைக்குச் சாப்பிட முடியாமல் உட்கார்ந்திருந்ததை உங்கள் புகாரில் கட்டாயம் எழுதுங்கள்.

காரணத்தைப் பொறுத்தது இழப்பீடு மட்டுமே. 2010 முதல் நடைமுறையில் இருந்து, 2016இல் தொகைகள் உயர்த்தப்பட்ட விதியின்படி, முறையாக முன்னறிவிக்காமல் ரத்து செய்தால், பயண நேரம் ஒரு மணி வரை என்றால் 5,000 ரூபாய், இரண்டு மணி வரை என்றால் 7,500 ரூபாய், அதற்கு மேல் என்றால் 10,000 ரூபாய். அல்லது ஒரு வழி அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகை. இவற்றில் எது குறைவோ அது. டிக்கெட் பணத்துக்கு மேல் தனியாக வர வேண்டிய தொகை இது. சென்னைப் பயணம் 7,500 ரூபாய்ப் பிரிவில் வரும். உங்கள் 4,600 ரூபாயில் அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்து 3,700 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், டிக்கெட் பணம் 4,600உடன் 3,700 ரூபாயும் சேர்த்து ஆளுக்கு 8,300 ரூபாய் வரவேண்டும். சரியான தொகையை உங்கள் டிக்கெட்டிலேயே பிரித்துப் போட்டிருப்பார்கள்.

இந்த இழப்பீட்டிலிருந்து நிறுவனம் தப்பிக்க ஒரு வாசல் உண்டு. வெள்ளம், கலவரம், அரசு உத்தரவு, வேலைநிறுத்தம் போன்ற அசாதாரணச் சூழல் என்றாலோ, வானிலை, வான்வழிக் கட்டுப்பாடு, பாதுகாப்பு அச்சுறுத்தல் போன்றவையே ரத்துக்குக் காரணம் என்று தெளிவாகத் தெரிந்தாலோ இழப்பீடு தர வேண்டியதில்லை. 'தெளிவாக' என்ற அந்தச் சொல் விதியிலேயே இருக்கிறது. மூன்று பேர் மூன்று காரணம் சொன்ன இடத்தில் தெளிவு எங்கே இருக்கிறது? காரணத்தை மழுப்பும்போது உங்கள் கைக்கு வரவேண்டிய பணமே மறிக்கப்படுகிறது என்பதால்தான் இதை இவ்வளவு விரித்து எழுதுகிறேன்.

அவர்கள் சொன்ன மூன்றையும் எடுத்துப் பார்ப்போம். 'செயல்பாட்டுக் காரணங்கள்' என்பதற்குள் எதையும் போட்டு மூடலாம்: விமானி இல்லை, முந்தைய ஊரிலிருந்து விமானம் வரத் தாமதம், இந்த விமானத்தை வேறு வழித்தடத்துக்குத் திருப்பிவிட்டார்கள், இப்படி. விமானிகளின் பணி நேரம், ஓய்வு பற்றிய புதிய விதிகளின் இரண்டாம் கட்டம் 2025 நவம்பர் 1 அன்று நடைமுறைக்கு வந்ததும், டிசம்பர் முதல் வாரத்தில் நாடெங்கும் ஆயிரக்கணக்கான விமானங்கள் ரத்தானதும் உங்களுக்கு நினைவிருக்கும். நெடுநாள் முன்பே அறிவிக்கப்பட்ட விதிக்கு ஏற்ப ஆள் ஏற்பாடு செய்யாமல் இருந்துவிட்டு, அதைக் கட்டுப்பாட்டுக்கு அப்பாற்பட்டது என்று சொன்னால் நான் ஏற்கமாட்டேன்.

தொழில்நுட்பக் கோளாறு, விதியில் பெயர் சொல்லப்பட்ட விலக்குகளில் இல்லை. பழுதுள்ள விமானத்தைப் பறக்கவிடாமல் நிறுத்திய பொறியாளருக்கு நாம் நன்றிதான் சொல்ல வேண்டும். ஆனால் பராமரிப்பு நிறுவனத்தின் பொறுப்பு. அதில் நேர்ந்த குறைக்கான செலவைப் பயணி ஏன் சுமக்க வேண்டும்?

வானிலை பற்றி மட்டும் உங்களை எச்சரிக்க வேண்டியிருக்கிறது. சென்னையிலிருந்து வரும் விமானமே சற்று நேரத்தில் இங்கிருந்து ஆள் ஏற்றிக்கொண்டு திரும்புவது வழக்கம் என்பதால், வாகைகுளத்தில் வெயில் அடித்தது என்பது போதுமான சாட்சியமாகாது. சென்னையில் இடியும் மழையுமாக இருந்திருக்கலாம். அன்று மாலை மதுரை, திருச்சியிலிருந்து போன விமானங்கள் சென்னையில் இறங்கினவா என்பதை விமானங்களைப் பின்தொடரும் இணையதளங்களில் பார்க்கலாம். சென்னை போன்ற பெரிய நிலையங்களில் அரை மணிக்கு ஒருமுறை வெளியிடப்படும் வானிலை அறிக்கையின் பழைய பதிவுகளும் இணையத்தில் கிடைக்கின்றன. மற்ற விமானங்கள் வழக்கம்போல் இறங்கியிருந்தால், அந்தப் பக்கங்களைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

இதை என் அனுபவத்திலிருந்தும் சொல்ல முடியும். சில ஆண்டுகளுக்கு முன் மதுரையில் எனக்கும் ஒரு விமானம் ரத்தானது. அங்கும் 'செயல்பாட்டுக் காரணம்' என்றார்கள். நான் குரலை உயர்த்தாமல், "காரணத்தை எழுதி, நேரம் போட்டுக் கையெழுத்திட்டுத் தாருங்கள்" என்று மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டேன். அந்த இளைஞர் தயங்கினார், உள்ளே போனார், கால் மணி நேரம் கழித்து வந்து என் போர்டிங் பாஸின் பின்புறத்தில் நீல மையில் 'க்ரூ நாட் அவைலபிள்' (விமானப் பணியாளர்கள் இல்லை) என்று எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தார். சொல்வதற்குத் தயங்காத பொய்யை எழுதுவதற்கு மனிதர்கள் தயங்குகிறார்கள். இரண்டு கடிதங்களில் இழப்பீடு வந்து சேர்ந்தது.

நீங்கள் அந்த நேரத்தில் கேட்காவிட்டாலும் இப்போது கேட்கலாம். 'இன்ன தேதியில் இன்ன எண் விமானத்துக்கு எனக்கு மூன்று வெவ்வேறு காரணங்கள் சொல்லப்பட்டன. ரத்துக்கான குறிப்பான காரணத்தையும், அது உங்கள் கட்டுப்பாட்டுக்கு அப்பாற்பட்டது என்றால் அதற்கான ஆவணத்தையும் தெரிவிக்கவும்' என்று நிறுவனத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள். அவர் பெயரும் முகவரியும், அவருக்கு மேலுள்ள மேல்முறையீட்டு அலுவலரின் விவரமும் நிறுவனத்தின் இணையதளத்தில் இருக்கும். அங்கே தீராவிட்டால் மத்திய அரசின் 'ஏர்சேவா' தளத்தில் பதிவு செய்யுங்கள்; தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது.

அதற்கும் மசியாவிட்டால் திருநெல்வேலி மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். நிறுவனத்தின் தலைமையகம் எங்கே இருந்தாலும், நீங்கள் வசிக்கும் ஊரிலேயே வழக்குத் தொடரலாம் என்பது 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் தந்த பெரும் வசதி. செலுத்திய தொகை ஐந்து லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை. வழக்கறிஞர் வைத்தே ஆகவேண்டும் என்பதும் இல்லை. பஸ் கட்டணம், கார் வாடகை, தந்தை பட்ட வேதனை ஆகியவற்றுக்கு இயக்குநரகத்தின் விதியில் தொகை இல்லை. சேவைக் குறைபாடு என்று ஆணையத்தில்தான் கேட்க முடியும். ஆகவே அந்த ஆம்னி பஸ் டிக்கெட்டைத் தொலைத்துவிடாதீர்கள்.

கேள்வி: திருவனந்தபுரத்திலிருந்து துபாய் செல்ல ஏஜென்ட் மூலம் டிக்கெட் எடுத்தேன். நிலையத்துக்குப் போன பிறகுதான் விமானம் மூன்று நாட்களுக்கு முன்பே ரத்தானது தெரிந்தது. ஏஜென்டைக் கேட்டால் நிறுவனம் பணம் தரவில்லை என்கிறார். நிறுவனத்தைக் கேட்டால் ஏஜென்டைக் கேளுங்கள் என்கிறது. இழப்பீடு உண்டா?
— வாசகர், வள்ளியூர்

பதில்: பணத்தைப் பொறுத்தவரை இருவரும் உங்களைப் பந்தாட முடியாது, ஏஜென்ட் நிறுவனத்தின் பிரதிநிதி என்பதால், திருப்பித் தரும் பொறுப்பு விமான நிறுவனத்தையே சாரும் என்று விதி சொல்கிறது. நிறுவனத்துக்கே எழுதுங்கள், நகலை ஏஜென்டுக்கு அனுப்புங்கள்.

இழப்பீடு வேறு விஷயம். புறப்படுவதற்கு 24 மணி நேரத்துக்கு முன்பே தெரிவித்துவிட்டால் மாற்று விமானமோ பணமோதான் உண்டு, இழப்பீடு இல்லை. உங்களுக்குத் தெரிவிக்கவில்லை என்கிறீர்கள். ஆனால் டிக்கெட்டில் யாருடைய கைப்பேசி எண் இருக்கிறது என்று எடுத்துப் பாருங்கள். நம் பகுதியில் பெரும்பாலான ஏஜென்டுகள் தங்கள் எண்ணையே போட்டுவிடுகிறார்கள். போதிய தொடர்பு விவரம் தராத பயணிக்கு இழப்பீடு தர வேண்டியதில்லை என்ற பிரிவு அப்போது உங்களுக்கு எதிராக நிற்கும். செய்தியைச் சொல்லாமல் விட்டதற்கு ஏஜென்டைத்தான் கேட்க வேண்டியிருக்கும். உங்கள் எண்ணே இருந்து, செய்தி வரவில்லை என்றால், இழப்பீட்டைக் கேளுங்கள்.

கேள்வி: வாகைகுளம்–சென்னை விமானம் ரத்தானதால் என் மகன் சென்னையிலிருந்து சிங்கப்பூர் செல்லும் விமானத்தைத் தவறவிட்டான். அந்த டிக்கெட் பணத்தையும் கேட்கலாமா?
— வாசகர், மேலப்பாளையம்

பதில்: இரண்டும் ஒரே டிக்கெட்டாக எடுக்கப்பட்டிருந்தால், தவறிப்போன இணைப்பு விமானத்துக்கும் முதல் நிறுவனம் பொறுப்பேற்க வேண்டும். தனித்தனியாக எடுத்திருந்தால் அந்த விதி உதவாது. ஆணையத்தில் சேவைக் குறைபாடு என்று கேட்டுப் பார்க்கலாம், ஆனால் உறுதி சொல்லமாட்டேன். தனித்தனியாகத்தான் எடுக்க வேண்டும் என்றால், வெளிநாட்டு விமானத்துக்கு முந்தைய நாளே ரயிலிலாவது சென்னை போய்ச் சேர்வது நல்லது.

கேள்வி: 2023 டிசம்பர் வெள்ளத்தில் ரத்தான தூத்துக்குடி விமானத்தின் பணத்தை எங்களைக் கேட்காமலேயே கிரெடிட் ஷெல்லில் வைத்தார்கள். வீடு வெள்ளத்தில் போன நிலையில் கவனிக்கவில்லை. இப்போது காலாவதி என்கிறார்கள். இயற்கைச் சீற்றம் என்பதால் பணமும் இல்லை என்கிறார்கள். சரியா?
— வாசகி, ஸ்ரீவைகுண்டம்

பதில்: சரியில்லை. டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியதும், உங்கள் ஊர் நிலையத்தில் நூற்றுக்கணக்கான பயணிகளோடு திருச்செந்தூர் ரயில் நின்றுபோனதும் எல்லோரும் அறிந்தவை. அந்த நாட்களில் விமானம் ஓட்டவில்லை என்று யாரும் நிறுவனத்தைக் குறை சொல்ல முடியாது. இழப்பீடு கிடையாதுதான். ஆனால் வெள்ளம் இழப்பீட்டுக்குத்தான் விலக்கு. பறக்காத பயணத்தின் டிக்கெட் பணத்தை வைத்துக்கொள்ள அது உரிமை தராது.

உங்களுக்குள்ள சிக்கல் காலம். நுகர்வோர் வழக்கை, பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் தொடர வேண்டும். எந்த நாளில் எழுந்தது என்பதில் வாதத்துக்கு இடமுண்டு: ஷெல் காலாவதி என்று அவர்கள் பணத்தை மறுத்த நாளையே நீங்கள் சுட்டலாம். அதை ஆணையம் ஏற்காவிட்டாலும், போதிய காரணம் இருந்தால் தாமதத்தை மன்னிக்கச் சட்டத்தில் அதிகாரம் இருக்கிறது. அதற்குத் தனி மனு போட வேண்டும். வீடு எத்தனை நாள் தண்ணீரில் இருந்தது, எப்போது திரும்பி வந்தீர்கள், நிவாரணத்துக்கு எந்தத் தேதியில் பதிந்தீர்கள் என்பதை அந்த மனுவின் முதல் பக்கத்திலேயே எழுதி, நிவாரணம் பெற்ற சீட்டின் நகலை இணையுங்கள்.